ஊற்றுக்கண்ணும் அதற்கு மேலுள்ள மலையும்

மழை ஓய்ந்து மாதங்கள் ஆன பிறகும் ஒரு பாறை இடுக்கிலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டு வரை படித்தவர்கள் பலர் இதற்குச் சொன்ன பதில், கடல். கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ள குகைகள் வழியே மலைக்குள் ஏறி, போகிற வழியில் உப்பைத் தொலைத்துவிட்டு, ஊற்றாக வெளிப்படுகிறது என்று நம்பினார்கள். மழையைக் காரணமாகச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆறுகளையும் ஆண்டு முழுவதும் ஓடவைக்கும் அளவுக்கு வானம் பொழிவதில்லை என்றே அவர்களுக்குத் தோன்றியது. பிரான்சில் பெர்னார் பாலிசி 1580-இல் ஊற்றுகளுக்கு மழையே ஆதாரம் என்று எழுதியபோது அது பரவலாக ஏற்கப்படவில்லை. 1674-இல் பியேர் பெரோ என்பவர் சேன் ஆற்றின் தலைப்பகுதியில் விழும் மழையையும், அங்கே ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு ஒப்பிட்டார். ஆற்றில் ஓடுவதைப் போல ஆறு மடங்கு நீர் மழையாக விழுகிறது என்று தெரிந்தது. மழை போதும். போதுமானதற்கு மேலும் இருக்கிறது.

ஊற்றைப் பற்றிய அறிவியலும் ஊற்றின் முன் கைகூப்பும் பக்தியும் இந்த ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை என்று நினைக்கிறேன். யாரும் இறைக்காமல், யாரும் கேட்காமல் நீர் வருகிறது. பெரோ அதை அளந்தார். வேறொருவர் அங்கே விளக்கேற்றினார். இரண்டையும் ஒரே மனிதர் செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. நம்பிக்கை உள்ளவர்கள் நீரின் வழியை அறிந்துகொள்வதால் எதையும் இழப்பதில்லை. எங்கே கைகூப்ப வேண்டும் என்பதில் அவர்களுடைய எல்லை விரிகிறது.

முதலில் நீரின் வழி. மழையில் ஒரு பங்கு ஓடிவிடும், ஒரு பங்கை மரம் செடிகளும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். மணல் துகள்களின் இடைவெளியிலும் பாறை விரிசல்களிலும் கீழே கீழே போய், ஓர் ஆழத்துக்கு அப்பால் எல்லா இடைவெளிகளும் நீரால் நிரம்பியிருக்கும் இடத்தில் சேரும். அதன் மேல்பரப்புதான் நிலத்தடி நீர்மட்டம். இந்த மட்டம் மேசைபோல் தட்டையாக இருப்பதில்லை. மேலே உள்ள குன்றையும் பள்ளத்தையும் ஒட்டி, அவற்றைவிட மென்மையாக ஏறி இறங்கும். நிலம் சட்டென்று சரியும் ஓரிடத்தில் தரையும் நீர்மட்டமும் சந்தித்தால் நீர் வெளியே வந்தாக வேண்டும். அந்த வாயைத்தான் ஊற்றுக்கண் என்கிறோம்.

நீர் வெளியேறும் காரணம் ஊற்றுக்கு ஊற்று மாறும். மேலே மணற்கல், கீழே களிமண் என்று அடுக்கு இருந்தால், இறங்கிவந்த நீர் களிமண்ணைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் நகரும். இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் கோடு மலைச்சரிவில் தெரியும் இடமெல்லாம் கசியும். ஒரே உயரத்தில் வரிசையாக ஊற்றுகள் இருந்தால் அநேகமாக இதுதான் காரணம். கடினப் பாறைப் பகுதிகளில் நீர் விரிசல்களை மட்டுமே நம்பியிருக்கிறது. அங்கே ஊற்று சிறியது, ஆனால் ஆழமான விரிசலோடு தொடர்பு இருந்தால் கோடையிலும் வற்றாது. சுண்ணாம்புப் பாறை வேறு வகை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு அந்தப் பாறையைக் கரைத்துக் கரைத்துக் குகைகளையே உண்டாக்கிவிடும். ஒரு மலைத்தொடர் முழுவதும் வாங்கிய மழை ஒரே வாயில் ஆறாக வெளிவரும். பிரான்சின் வோக்லூஸ் ஊற்று அப்படிப்பட்டது. அதன் அடியைத் தேடி 1985-இல் இறக்கப்பட்ட ஓர் இயந்திரம் 308 மீட்டர் ஆழம் வரை போனது. வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை, மழைநீர் மிக ஆழத்துக்கு இறங்கி, பிளவுகள் வழியே விரைவாக மேலேறி வருவதால் உண்டாகின்றன. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் பூமி ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை சூடேறுகிறது. அருகில் எரிமலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது காலம். மணற்பாங்கான படுகையில் நிலத்தடி நீர் ஒரு நாளில் சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரையே நகரும். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை மிகுதியாகக் கலந்தன. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது அந்தக் காலத்தில் அதில் பாதி சிதைந்துவிடும். ஓர் ஊற்றுநீரில் டிரிட்டியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அது அந்தச் சோதனைகளுக்கு முன் பெய்த மழையா, பின் பெய்த மழையா என்று சொல்லிவிடலாம். டிரிட்டியம் அறவே இல்லாத ஊற்றுகள் பல இருக்கின்றன. அவற்றில் இன்று கையேந்துபவர் குடிப்பது, அவர் பிறப்பதற்கு முன், சில இடங்களில் அவருடைய ஊரே தோன்றுவதற்கு முன் விழுந்த மழையை. அதே வேளையில் இன்று மேலே பெய்யும் மழையைக் குடிக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அருள் என்று சமயங்கள் சொல்வதை இதைவிடத் தெளிவாக நிலம் சொல்லிக் கேட்டதில்லை எனக்கு.

இதையெல்லாம் உணர்வதற்கு வோக்லூஸுக்குப் போக வேண்டியதில்லை. குன்றோ ஓடையோ உள்ள இடங்களில் பெரும்பாலும் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஏதோ ஒரு கசிவாவது இருக்கும். சமதளமான நகரங்களில் இருந்தவை புதைந்தோ சாக்கடையில் இணைந்தோ போயிருக்கலாம். தேடுவதற்கு நல்ல காலம் வறண்ட பருவத்தின் கடைசி வாரங்கள். மழைக்காலத்தில் எல்லாச் சரிவும் கசியும், எது ஊற்று என்று பிரித்தறிய முடியாது. சுற்றிலும் புல் காய்ந்திருக்க, ஒரு பட்டை மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே நடந்து பாருங்கள். கோரையும் பாசியும் பெரணியும் நம்பத் தகுந்த அடையாளங்கள். கற்களில் துருநிறப் படிவு இருந்தால், இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்த நிலத்தடி நீர் காற்றைத் தொட்டதும் அதை இறக்கிவைத்திருக்கிறது என்று பொருள். வெள்ளைப் படிவு சுண்ணாம்பைச் சொல்லும். பழைய நில வரைபடங்கள், தெருப்பெயர்கள், முதியவர்களின் நினைவு ஆகியவை மண்ணுக்குள் போய்விட்ட ஊற்றுகளையும் காட்டிக்கொடுக்கும்.

கண்டுபிடித்ததும் கையை நனைத்துப் பாருங்கள். தரைக்குக் கீழே பத்து மீட்டர் அளவில் பருவங்களின் சூடும் குளிரும் ஏறக்குறைய எட்டுவதில்லை. அங்கிருந்து வரும் நீர் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்திலேயே இருக்கும். அதனால்தான் ஊற்றுநீர் வெயிலில் குளிர்ச்சியாகவும் பனியில் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. நீர் மாறவில்லை, நம் கைதான் மாறியிருக்கிறது. பிறகு அளவு. பத்து லிட்டர் வாளி 20 வினாடியில் நிரம்பினால் அந்த ஊற்று நொடிக்கு அரை லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர் தருகிறது. பார்வைக்கு விரல் தடிமனில் விழும் நீர்தான் அது. அமெரிக்க நிலத்தடி நீர் அறிஞர் ஆஸ்கார் மைன்சர் வகுத்த எட்டுப் படிகளில் முதல் படி ஊற்று நொடிக்கு 2,800 லிட்டருக்கு மேல் தர வேண்டும். நம் அருகிலுள்ளவை கடைசிப் படிகளில் இருக்கும். அதனால் ஒன்றும் குறைவில்லை. மாதம் தவறாமல் அதே வாளியால் அளந்துவைத்தால், மழைக்கும் ஊற்றுப் பெருக்குக்கும் இடையே எத்தனை வாரம் இடைவெளி என்று ஓராண்டில் தெரிந்துவிடும். அந்த எண் அந்த மலையின் குணம்.

இனி நம்பிக்கையின் பக்கம். ஊற்றுகளைச் சுற்றிய புனிதக் கதைகளை அடுக்கிப் பார்த்தால் அவற்றின் மையத்தில் திரும்பத் திரும்ப இருப்பது தாகம். இஸ்லாமிய மரபில், பாலை வெளியில் குழந்தை இஸ்மாயில் தண்ணீருக்கு அழ, தாய் ஹாஜர் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை ஓடுகிறார், மக்காவின் ஸம்ஸம் ஊற்று வெளிப்படுகிறது. விவிலியத்தில் தாகத்தால் முறையிடும் மக்களுக்காக மோசே பாறையை அடிக்கிறார். இராமேசுவரம் தீவின் வில்லூண்டி தீர்த்தத்தில் சீதையின் தாகத்துக்காக இராமன் வில்லை ஊன்றியதாகவும், திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் படைவீரர்களின் தாகத்துக்காக முருகன் வேலை ஊன்றியதாகவும் சொல்கிறார்கள். வல்லமையைக் காட்டுவதற்காக மட்டும் யாரும் நிலத்தைப் பிளக்கவில்லை. அங்கே ஒரு வாய் உலர்ந்திருக்கிறது, அதனால் நீர் வருகிறது.

இந்த இடங்களுக்கெல்லாம் நில விளக்கமும் உண்டு. ஸம்ஸம் கிணறு சுமார் 30 மீட்டர் ஆழம். மேல்பகுதி பள்ளத்தாக்கின் வண்டலிலும் கீழ்ப்பகுதி விரிசலோடிய கடினப் பாறையிலும் இருக்கிறது. அரிதாகப் பெய்யும் மழையைச் சுற்றியுள்ள குன்றுகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்புகின்றன. கடலோரத்தில் நன்னீர் கிடைப்பது இன்னும் வியப்பானது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, ஆகையால் மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. அந்த மெல்லிய சமநிலையைக் கலைக்கச் சில ஆழ்துளைக் கிணறுகளே போதும். திருவானைக்காவில் சிவனை நீராகவே வழிபடுகிறார்கள். கருவறையில் நீர் ஊறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள வண்டல் தீவு அது. ஆறு நிரம்பினால் அடிநிலமும் நிரம்பும்.

எருசலேமின் கீகோன் ஊற்று விட்டுவிட்டுப் பாய்வதற்குப் பேர்போனது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு குகையில் நீர் சேர்கிறது. வெளியேறும் வழி மேலேறி வளைந்து கீழிறங்குகிறது. வளைவின் உச்சி வரை நிரம்பியதும், தொட்டியில் குழாயைப் போட்டு வாயால் உறிஞ்சி நீரை இறக்குவது போல, குகை முழுவதும் காலியாகிறது. காற்று புகுந்ததும் நின்றுவிடுகிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முற்றுகைக்கு அஞ்சி இந்த நீரை நகருக்குள் கொண்டுவர 533 மீட்டர் நீளச் சுரங்கம் வெட்டினார்கள். இரு முனைகளிலிருந்தும் வெட்டிவந்தவர்கள் பாறையின் ஊடே ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததாக 1880-இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சுரங்கம் போய்ச் சேரும் சீலோவாம் குளத்தில்தான் பார்வையற்ற ஒருவரைக் கண் கழுவிவரும்படி இயேசு அனுப்பியதாக யோவான் நற்செய்தி கூறுகிறது.

விளக்கம் தெரிந்துவிட்டால் புனிதம் போய்விடுமா? பிரான்சிலுள்ள கத்தோலிக்கத் திருத்தலமான லூர்து இதற்கு நேர்மையான பதில் தருகிறது. 1858 பிப்ரவரி 25-ஆம் தேதி, மரியன்னையின் காட்சி கண்டதாகச் சொன்ன பெர்னதெத் சுபிரூ என்ற பதினான்கு வயது ஏழைப்பெண் அங்குள்ள குகையின் மூலையில் மண்ணைக் கையால் தோண்டினாள். முதலில் வந்தது சேறு. அதைக் குடிக்க முயன்று முகமெல்லாம் சேறாக நின்றவளைக் கூட்டம் பரிகசித்தது. பிறகு நீர் தெளிந்தது. அதே ஆண்டில் துலூஸ் நகரின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் அந்த நீரை ஆராய்ந்து, இது சாதாரணக் குடிநீர், மருத்துவக் குணம் எதுவும் இல்லை என்று சொன்னார். திருச்சபை அதை மறுக்கவில்லை. நோய் நீங்கியதாக வந்த 7,000-க்கும் மேற்பட்ட முறையீடுகளில் மருத்துவர்களின் பரிசீலனைக்குப் பிறகு எழுபதை ஒட்டியவற்றை மட்டுமே அது அற்புதம் என்று ஏற்றிருக்கிறது. நீரில் மருந்து இல்லை என்று அறிந்துகொண்டே இலட்சக்கணக்கானோர் அங்கே போகிறார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று நான் எண்ணவில்லை. துன்பத்தோடு ஓரிடத்துக்குப் போய், தன்னைப் போன்ற பிறரோடு நின்று கேட்பது மனிதனுக்குத் தேவைப்படுகிறது. வேதியியல் அந்தத் தேவையை அளக்கப் புறப்பட்டதே இல்லை.

ஆனால் நீரிடம் எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். இங்கிலாந்தின் பாத் நகரில் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், சுமார் 46 டிகிரி சூட்டில் நீர் எழுகிறது. ரோமானியர்கள் அங்கே சூலிஸ் மினர்வா தேவிக்குக் கோயில் கட்டினார்கள். 1979-80 அகழாய்வில் ஊற்றின் அடியிலிருந்து பல்லாயிரம் நாணயங்களோடு, எழுத்துப் பொறித்த ஈயத் தகடுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். என் போர்வையைத் திருடியவன், என் பணத்தை எடுத்தவன், அடிமையோ சுதந்திரனோ, ஆணோ பெண்ணோ, அவன் உறங்காமல் தவிக்கட்டும் என்ற பாணியில் எழுதி, சுருட்டி, நீரில் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போது மனம் இளகுகிறது. வழக்குமன்றம் ஏற வசதியில்லாதவர்களுக்கு ஊற்று ஒரு நீதிமன்றமாக இருந்திருக்கிறது. கூடவே ஒரு வருத்தமும். தாகம் தீர்த்த நீருக்குள் சாபங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன.

அதே பாத்தில் 1978-இல் அந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி, வெந்நீரில் வாழும் அமீபா மூளையைத் தாக்கியதால் இறந்தாள். பொதுக் குளியல் மூடப்பட்டது. பின்னர் புதிய ஆழ்துளைகள் வழியே தூய நீர் எடுத்த பிறகே, 2006-இல் மீண்டும் வெந்நீர்க் குளியல் திறக்கப்பட்டது. தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. சுண்ணாம்புப் பாறை ஊற்றில் நேற்று மேலே கொட்டிய கழிவு இன்று கீழே வந்துவிடலாம். சில பாறைகள் ஃபுளோரைடையோ ஆர்சனிக்கையோ கரைத்துத் தரும். வீட்டருகே கண்டுபிடித்த ஊற்றைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். சோதித்துப் பார்ப்பது கடவுளைச் சந்தேகிப்பது ஆகாது.

நீரும் நம்பிக்கையும் பற்றித் தமிழில் எனக்கு மிக நெருக்கமான இடம் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இருக்கிறது. மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், ஒரு வழியில் திருமால் குன்றத்தையும் அங்குள்ள பிலத்தில், அதாவது குகையில், இருக்கும் மூன்று பொய்கைகளையும் பற்றிக் கூறுகிறான். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரனின் இலக்கண நூலறிவு வரும். பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்புத் தெரியும். இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்தது கிடைக்கும். கோவலன், கண்ணகியோடு மதுரைக்கு நடந்துவரும் கவுந்தியடிகள் சமணத் துறவி. அவர் கேலி செய்யவில்லை, சினக்கவுமில்லை. அந்த நூலறிவை எங்கள் அருகன் அருளிய நூலிலேயே காணலாம். முற்பிறப்பின் விளைவை இப்பிறப்பே காட்டுகிறது. வாய்மை தவறாமல் உயிர்களைக் காப்பவர்களுக்கு எட்டாத பொருள் எதுவும் உண்டா என்று மூன்றுக்கும் மறுமொழி சொல்கிறார். பிறகு, நீ விரும்பும் தெய்வத்தைக் கண்டு பணியப் போ, நாங்களும் எங்கள் நெடுவழியில் போகிறோம் என்கிறார். அடுத்தவர் நம்பிக்கையை இடறாமல் தன் நம்பிக்கையில் உறுதியாக நிற்பது அப்படித்தான் இருக்கும். உயிர்களைக் காப்பது என்று அவர் வைக்கும் நிபந்தனையை நான் ஊற்றுக்கும் பொருத்திப் பார்க்கிறேன்.

ஏனென்றால் ஊற்றுகள் வற்றிக்கொண்டிருக்கின்றன. நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை இந்திய இமயமலைப் பகுதியில் ஏறத்தாழ 30 லட்சம் ஊற்றுகள் இருப்பதாகவும், அவற்றில் பாதி அளவு வற்றியோ பருவத்துக்கு மட்டும் ஓடுபவையாகவோ ஆகிவிட்டதாகவும் சொல்கிறது. சரிவில் காடு போனால் மழை இறங்காமல் ஓடுகிறது. சாலைக்கு மலையை வெட்டும்போது நீர் வந்த விரிசலே அறுபடுகிறது. அருகிலுள்ள ஆழ்துளைக் கிணறு நீர்மட்டத்தை ஊற்றுக்கண்ணுக்குக் கீழே இழுத்துவிடுகிறது. மழை மாறியிருக்கிறது, நாலு நாளில் பெய்ய வேண்டியது நாலு மணி நேரத்தில் பெய்தால் மண் குடிக்க நேரமில்லை. இத்தனைக்கும் நடுவில் ஊற்றுக்கண்ணில் மண்டபம் எழும்பும், பளிங்குத் தரை போடப்படும், சில இடங்களில் சிமென்ட் பூச்சே கண்ணை அடைத்துவிடும். அன்பினால் செய்ததுதான், ஆனால் அன்பு தவறான இடத்தில் செலவாகியிருக்கிறது.

சிக்கிம் அரசு 2008-இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டம் இந்த இடத்தில்தான் வேறு வழி போனது. ஊற்றுக்கண்ணை விட்டுவிட்டு, அதற்கு மழை எங்கே இறங்குகிறது என்று பாறை அடுக்குகளைப் படித்துத் தேடினார்கள். அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசையில் நீர் போகும் என்பதால், ஓர் ஊற்றுக்கு நீர் தரும் நிலம் அந்த மலையின் மறுபக்கச் சரிவில்கூட இருக்கலாம். அங்கே நீர் தங்குவதற்குக் குழிகளும் அகழிகளும் வெட்டினார்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியில் ஊர்மக்களே வேலை செய்தார்கள். வற்றியிருந்த பல ஊற்றுகள் திரும்ப ஓடின.

மறுபக்கச் சரிவு என்பது பல வேளைகளில் அடுத்த ஊர், வேறு சாதி, வேறு மதம், முன்பின் பேசாத குடும்பத்தின் நிலம். நம் தீர்த்தம் அவர்களுடைய மேய்ச்சல் நிலத்திலும் தோப்பிலும் இறங்கிய மழை. அவர்கள் மரத்தை வைத்திருந்தால் நமக்கு நீர் உண்டு. அவர்கள் கழிவைக் கொட்டினால் நம் அபிடேகத்திலும் ஞானஸ்நானத்திலும் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவிலும் அது வரும். ஆகவே வீட்டருகே ஓர் ஊற்றைக் கண்டவர்களுக்கு என் பரிந்துரை: அதன் முன் வணங்குவீர்களானால் வணங்குங்கள், பிறகு அதற்கு மேலே ஏறுங்கள். எந்தச் சரிவு மழையை வாங்குகிறது, அங்கே என்ன மரம் நிற்கிறது, யார் ஆடு மேய்க்கிறார்கள், எங்கே குப்பை குவிகிறது என்று பாருங்கள். நிலத்துக்குரியவர்களிடம் இந்த நீர் அவர்களிடமிருந்து வருவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரிந்திருக்காது.